எளிமைக்கு அளவு எது?

முற்றும் துறந்த முனிவருக்கும் இல்லறத்தில் நிற்கும் சிராவகருக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லால் உணர்த்த வேண்டுமாயின், 'அளவு' என்னும் சொல்லே போதுமானது. முனிவர் பரிக்கிரகத்தை அடியோடு விடுகின்றார். சிராவகர் அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அவ்வெல்லைக்குள் வாழ முயல்கின்றார். முழுத் துறவில் எல்லை பற்றிய வினா எழுவதில்லை. இல்லறத்திலோ அவ்வினா நாள்தோறும் எழுகின்றது. எவ்வளவு போதும்? அதனை யார் முடிவு செய்வது? எல்லைக்குள் நிற்பதாக எண்ணிக்கொண்டே அதனைத் தாண்டிவிட்டோமா என்பதை எதைக்கொண்டு அறிவது?

இப்பழைய வினாக்கள் ஒவ்வொரு காலத்திலும் புதிய உருவில் வருகின்றன. இந்நாளைய உருவம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில், சிறப்பாக ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில், பழைய லேண்ட் ரோவர் வண்டி ஒன்றில் சில பொருள்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சென்று, ஏரிக்கரையிலோ மலையடிவாரத்திலோ இரண்டு மூன்று இரவுகள் தங்கி வருவோர் பலர் உள்ளனர். விடுதியும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம், ஒரு போர்வையும் ஓர் அடுப்பும் போதும் என்பது அவர்கள் கூறும் கொள்கை. நம் இல்லங்களில் பிறந்து அந்நாட்டில் வாழும் இளைஞர் ஒருவர் இதில் ஈடுபாடு கொண்டு, "இதுவும் மிகுபொருள் விரும்பாமைதானே?" என்று கேட்கலாம். வீட்டுப் பெரியவரோ, "வேலை எதுவுமின்றி வண்டியை மலைமேல் ஓட்டுவது எந்த விரதத்தில் சேரும்?" என்று மறுக்கலாம். இருவர் கூற்றிலும் பொருள் உண்டு. ஆகவே இரண்டையும் நடுநிலையில் நின்று ஆராய்தல் தகும்.

பற்றாக்குறையில் பிறந்த வண்டி

லேண்ட் ரோவர் வண்டியின் பிறப்பே ஒரு படிப்பினை. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டின் ஆங்கிலெசி தீவிலிருந்த தம் பண்ணையில், போரில் பயன்பட்ட பழைய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். உழவுக்கும் பாரம் இழுக்கவும் உதவும் அத்தகைய வண்டி ஒன்றை நாமே செய்தால் என்ன என்னும் எண்ணம் 1947இல் அவருக்குத் தோன்றியது. அந்நாளில் பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. எனவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். வளைத்து வார்க்கப் பெரிய அச்சுகள் தேவைப்படாதவாறு தட்டையான தகடுகளையே பெரிதும் பயன்படுத்தினர். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி வெளியிடப்பட்டது. நிறுவனம் தன் இடைக்கால நெருக்கடியைச் சமாளிக்கவே அதனைச் செய்தது. ஆயினும் அதன் வழிவந்த வண்டிகளின் உற்பத்தி 2016 ஜனவரி 29 வரை நீடித்தது. இல்லாமையை எண்ணிச் செய்த பொருள் அறுபத்தேழு ஆண்டுகள் நிலைத்தது என்பது கருதற்பாலது.

முதல் மூன்று வரிசைகளைச் சேர்ந்த வண்டிகள் 1985 வரை வெளிவந்தன. அவற்றையே இன்று பழமை வாய்ந்தவை எனப் போற்றுகின்றனர். அவற்றில் மின்னணுக் கருவிகள் இல்லை. சில ஸ்பானர்களும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளை உடையவரே நீக்கலாம். மின்கலம் தீர்ந்துவிட்டால் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயந்திரத்தை இயக்கலாம். 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர் அறுவர் இத்தகைய இரு வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு, நம் இந்திய நாட்டையும் பர்மாவையும் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். ஏறத்தாழ ஆறு திங்கள் அறுவருக்கும் அவ்விரு வண்டிகளே வீடும் பண்டகசாலையும் ஆயின.

இளைஞர் கூற்றில் உள்ள உண்மை

சிறிய லேண்ட் ரோவரின் பின்தட்டு ஏறத்தாழ நான்கடி நீளமே உடையது. அதில் ஏற்றத்தக்கவை எவை என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் தானே குறுகும். இருபது லிட்டர் கொள்ளும் தண்ணீர்க் கேன் ஒன்று, ஒற்றை அடுப்பு, ஒரு பாத்திரம், அரிசியும் பருப்பும், குளிர் தாங்கும் படுக்கைப் பை, மழைக்கு ஒரு கித்தான், மாற்று உடை ஒன்று, வண்டிக்குரிய கருவிகள். இருவர் இரண்டு நாள் வாழ இவை போதும். எடுத்துச் சென்ற இருபது லிட்டரில் பருகவும் சமைக்கவும் கழுவவும் வேண்டும் என்னும்போது, குழாயைத் திறந்துவிட்டு நிற்கும் வழக்கம் எவ்வளவு நீரை வீணாக்குகின்றது என்பது விளங்குகின்றது. வீட்டில் நூறு பொருள்களுக்கு நடுவே எது தேவை, எது ஆசை என்று பிரித்தறிவது கடினம். நான்கடித் தட்டின்முன் அது எளிது.

நம் முன்னோரும் இதனை அறிந்தே இருந்தனர். சித்தன்னவாசல் மலைமேல் முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகளைக் கண்டோர் அறிவர். வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட பாறை, தலை வைக்கச் சற்றே உயர்ந்த பகுதி, அவ்வளவே. திகம்பர முனிவர் உடன்கொள்வன பீலியும் கமண்டலமும் நூலுமே. அந்நிலையோடு வண்டியில் செல்வோரை ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், குறைந்த பொருளோடு சில நாள் இருந்து பார்த்தவர்க்கே அந்நிலையின் அருமை சிறிதேனும் புலனாகும். இவ்வளவில் இளைஞர் கூற்று ஏற்கத்தக்கதே.

பெரியவர் கூற்றில் உள்ள உண்மை

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றித் தீங்கு செய்தலாகிய அனர்த்த தண்டம் ஐவகையாகக் கூறப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று பிரமாத சரியை, அதாவது கருத்தற்ற ஒழுகலாறு. வீணே நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலும் பிறரைத் திரியச் செய்தலும் இதில் அடங்கும். மேற்கூறிய பொழுதுபோக்கில் இவை அனைத்தும் நிகழ வாய்ப்பிருப்பதை எவரும் மறுக்க இயலாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய பெட்ரோல் லேண்ட் ரோவர் லிட்டருக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டரே ஓடும். சென்று திரும்ப முந்நூறு கிலோமீட்டர் எனில் ஐம்பது லிட்டர் செலவாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகின்றது. ஆக, ஒரு போர்வையும் ஓர் அடுப்புமாக 'எளிமையாக' இருந்துவந்த இரண்டு நாளில் வானில் கலந்த வாயு நூற்றுப்பதினைந்து கிலோ. பின்தட்டில் இருந்த பொருளின் எடையை மட்டும் நிறுத்துப் பார்த்து எளிமை என்று மகிழ்ந்தோர், புகைக்குழாய் வழியே சென்றதை நிறுக்க மறந்துவிட்டனர்.

சக்கரத்தின் கீழ் உள்ளதும் கருதத்தக்கது. ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களில் பீட் என்னும் கரிய மண் பரந்துள்ளது. நீரில் ஊறிய பாசிகள் முற்றும் மட்காமல் படிந்து உருவாகும் அம்மண், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே உயர்கின்றது. கனத்த வண்டி ஒன்று ஓரடி ஆழத்துக்குச் சுவடு பதித்தால், முந்நூறு ஆண்டுகளின் வளர்ச்சி ஒரு நொடியில் கிழிபடுகின்றது. அச்சுவடு வழியே நீர் வடிந்து மண் உலரும். உலர்ந்த மண்ணில் அடங்கியிருந்த கரி வாயுவாகும். வேனில் தொடக்கத்தில் அந்நிலத்திலேயே தரைமீது கூடுகட்டி முட்டையிடும் பறவைகள் உள்ளன. மண், நீர், தாவரம் ஆகிய ஓரறிவுயிர்கள் முதல் பறவையாகிய ஐயறிவுயிர் வரை ஒரே சுவட்டில் துன்புறுகின்றன.

அந்நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே உள்ளது. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறர் நிலத்திலும் பொறுப்போடு நடந்து செல்லவும் சிறிய கூடாரம் அடித்துத் தங்கவும் அனைவருக்கும் உரிமை தருகின்றது. மோட்டார் வண்டிக்கு அவ்வுரிமை இல்லை. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, தக்க அனுமதியின்றிச் சாலையை விட்டு விலகி வண்டி ஓட்டுவது குற்றம். நிறுத்துவதற்காக மட்டும் சாலையிலிருந்து பதினைந்து கஜத்துக்குள் செல்வது அக்குற்றத்தில் சேராது. ஆகவே எங்கும் செல்ல வல்ல வண்டியை உடையவர், எங்கும் செல்லாதிருக்கக் கடமைப்பட்டவர் ஆகின்றார். ஆற்றல் இருந்தும் அடங்கி நிற்றல் அங்கே சட்டமாகவும் நமக்கு விரதமாகவும் அமைந்துள்ளது.

அளவு மீறலின் ஐந்து அடையாளங்கள்

இரு கூற்றுகளும் உண்மையாயின் முடிவு யாது? அதே நூலில் பரிமித பரிக்கிரக விரதத்துக்குக் கூறப்பட்ட ஐந்து அதிசாரங்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. அளவுக்கு மேல் ஊர்திகளைச் செலுத்துதல், அளவுக்கு மேல் பொருள் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை கொள்ளுதல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல் என்பன அவை. வண்டி இழுத்த மாடுகளையும் பாரம் சுமந்த விலங்குகளையும் கருதி அன்று கூறப்பட்டவை, இன்றைய பொழுதுபோக்குக்கும் ஒன்றுவிடாமல் பொருந்துவது வியப்பிற்குரியது. இயந்திரத்துக்கு வலியில்லை என்பது மெய்யே. ஆயினும் அது செல்லும் வழியில் வாழும் உயிர்களுக்கு வலி உண்டு.

முதலாவது, அதிகம் செலுத்துதல். ஓரிடத்தில் தங்கவே புறப்பட்டவர், நாளொன்றுக்கு ஒரு மலை என்று ஓடிக்கொண்டிருந்தால் தங்குதல் போய்த் திரிதலே மிஞ்சும்.

இரண்டாவது, அதிகம் சேர்த்தல். 1960களில் டோர்மொபைல் என்னும் பெயரில், கூரையை ஒருபுறமாகத் தூக்கி நிறுத்தி உள்ளே படுக்கை, அடுப்பு, கழுவு தொட்டி எல்லாம் அமைத்த லேண்ட் ரோவர்கள் வந்தன. இன்று அதற்கும் மேலாகக் குளிர்ப்பெட்டி, கூரைமேல் கூடாரம், பக்கப் பந்தல், சூரிய மின்தகடு, மடக்கு மேசை என்று விற்பனைப் பட்டியல் நீள்கின்றது. ஒவ்வொன்றும் 'எளிய' வாழ்வுக்கு உதவுவதாகவே விற்கப்படுகின்றது. எளிமையின் பெயராலேயே பரிக்கிரகம் வளரும் விந்தை இது.

மூன்றாவது வியத்தல், நான்காவது பேராசை. இவை உள்ளத்தில் நிகழ்வன ஆதலின் கண்டறிதல் கடினம். பற்று என்னும் மயக்கமே பரிக்கிரகம் என்பது நம் ஆசாரியர்கள் தந்த விளக்கம். பொருளின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததே. ஒரே ஒரு பழைய வண்டியை உடைய ஒருவர், அதன் மூல நிறம் எது, தகட்டின் எண் எது, அதே ஆண்டின் விளக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று இரவு பகலாக ஏங்கித் திரிந்தால், அவர் உடைமை ஒன்றே ஆயினும் பரிக்கிரகம் பெரிது. பழுது பார்த்துப் பொலிவூட்டிய முதல் வரிசை வண்டிகள் இன்று புதிய கார்களின் விலையை மிஞ்சி விற்பதும் உண்டு. உழவன் தொழுவத்தில் நின்ற வண்டி செல்வரின் காட்சிப் பொருளாகிவிட்டது. அதில் ஏறிச் சென்று எளிமை பேசுவோர் தம் உள்ளத்தைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, அதிக பாரம். கூரைமேல் பளு ஏற ஏற வண்டி தள்ளாடும், எரிபொருள் மிகும், சுவடு ஆழமாகும். பாரத்தை வண்டி சுமக்கின்றது என்று எண்ணுகின்றோம். இறுதியில் அதனைச் சுமப்பது நிலமே.

நியமமாகக் கொள்ளுதல்

போகோபபோக பரிமாண விரதத்தில் உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல் முதலியவற்றுக்கு அளவு வகுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. வாழ்நாள் முழுமைக்கும் விடுவது யமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு திங்கள் என்று கால எல்லையோடு விடுவது நியமம். இக்கருத்தே நம் வினாவுக்கு விடை தருவதாகத் தோன்றுகின்றது. சில நாள் எளிமையைப் போலி என்று தள்ள வேண்டுவதில்லை. கால எல்லை உடைய விரதமும் விரதமே. ஆனால் அதற்கு முன்னதாகவே எண்ணிக்கையும் எல்லையும் உறுதி செய்யப்பட வேண்டும். உறுதியின்றி நேர்ந்த குறைவு வெறும் வசதிக் குறைவே. வீடு திரும்பியதும் இருமடங்காக ஈடுசெய்யப்படும் குறைவும் அத்தகையதே.

ஆகவே செல்ல விரும்புவோர் புறப்படுமுன் சிலவற்றை நிச்சயித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இத்தனை முறை, இத்தனை கிலோமீட்டர் என்னும் அளவு முதலாவது. தேசாவகாசிக விரதத்தில் வீடு, தெரு, வயல், ஆறு என்று எல்லை குறித்து அதற்கப்பால் செல்லாதிருப்பது போல, தங்குமிடம் சேர்ந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பும் நாள் வரை அதனை இயக்குவதில்லை என்று கொள்வது இரண்டாவது. காண வேண்டியவற்றைக் காலால் நடந்தே காணலாம். நடக்கும்போது கண் நிலத்தை நோக்கும். உயிர்களைத் தவிர்க்க இயலும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எறும்பு தெரியாது.

சாலையும் அனுமதி பெற்ற தடமும் அன்றி வேறெங்கும் சக்கரம் படாதிருப்பது மூன்றாவது. மழைக்காலத்தில் ஊறிய மண் தடங்களைத் தவிர்ப்பதும் இதில் அடங்கும். உயிர்கள் பெருகும் கார்காலத்தில் முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசம் அனுசரிப்பதன் காரணம் நாம் அறிந்ததே. ஈர மண்மீது செல்வதால் நேரும் கேடு, பாதத்தால் ஆவதைக் காட்டிலும் சக்கரத்தால் பன்மடங்கு.

தீ மூட்டாதிருப்பது நான்காவது. பீட் மண்மீது இட்ட தீ, அணைந்ததுபோல் தோன்றினும் மண்ணுக்குள்ளேயே கனன்று பரவக்கூடும். பட்ட மரக்கட்டையில் எண்ணற்ற பூச்சிகள் குடியிருக்கும். இரவில் எரியும் தீயில் விட்டில்கள் வந்து விழும். இரவுண்ணா நோன்புடையோர்க்கு அத்தீ தேவையே இல்லை. வடக்கு ஸ்காட்லாந்தில் ஜூன் திங்களில் கதிரவன் மறைவது இரவு பத்து மணிக்கு மேல். அங்குப் பகலுணவு கொள்ளுதல் அக்காலத்தில் மிக எளிது. டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கே பொழுது சாயும். அக்காலத்தில் நோன்பு சற்றுக் கடிதாகும், பயணமும் தவிர்க்கத்தக்கதே.

கோடையில் அங்கு மிட்ஜ் என்னும் நுண்ணிய கடிப் பூச்சிகள் திரளாக வரும். புகையாலும் நஞ்சாலும் அவற்றைக் கொல்ல வேண்டுவதில்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று வீசினால் அவை பறப்பதில்லை. காற்றுப்படும் மேட்டில் தங்குதல், முழு உடல் மறைக்கும் ஆடை, நுண்வலை ஆகியவையே போதும். பிற உயிரின் இடத்துக்கு விருந்தினராகச் சென்றவர், அவ்வுயிரைக் கொன்று தம் துயிலைக் காத்தல் முறையாகாது.

பலர் கூடினால் சிறு தீங்கும் பெரிதாகும் என்பதையும் மறக்கலாகாது. லோமண்ட் ஏரிப் பகுதித் தேசியப் பூங்காவில் கரைகள் பெரிதும் சிதைந்தமையால், 2017 முதல் மார்ச் தொடங்கிச் செப்டம்பர் முடியச் சில கரைகளில் அனுமதிச்சீட்டு இன்றித் தங்கக் கூடாது என விதி வகுத்தனர். தாமே அளவு வகுத்துக்கொள்ளாதவர்க்குப் பிறர் அளவு வகுப்பர்.

திரும்பிய பின்

மேற்கூறிய அனைத்தையும் கடைப்பிடித்தாலும் புகையும் எரிபொருளும் இல்லாமற் போகா. அத்தீங்கு எஞ்சியே நிற்கும். அதனை மறைத்துப் பேசுதல் சத்தியத்துக்கு ஒவ்வாது. ஆகவே செல்லாதிருப்பவர் செல்பவரினும் மேலானவர். நடந்தோ இரயிலிலோ செல்பவர் வண்டியில் செல்பவரினும் மேலானவர். வண்டியில் செல்பவர் இவ்வரிசையில் தம் இடத்தை அறிந்து செல்வாராயின், அவ்வறிவே அவரை மேலும் குறைத்துக்கொள்ளத் தூண்டும்.

அச்செலவு பயன் தந்ததா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. மலையில் இருபது லிட்டரில் இரண்டு நாள் வாழ்ந்தவர், வீட்டில் குழாயை முன்னிலும் விரைவாக மூடுகின்றாரா? நான்கடித் தட்டில் அடங்கிய பொருளோடு மகிழ்ந்திருந்தவர், அலமாரியிலுள்ள மிகுதியைத் தேவைப்படுவோர்க்கு எடுத்துத் தருகின்றாரா? ஆம் எனில், பெரியவர் கூறிய 'பயனின்மை' நீங்கிற்று. அப்பயணம் ஒரு பயிற்சியாயிற்று. திரும்பியதும் அடுத்த பயணத்துக்கு இன்னும் என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் எழுதத் தொடங்கினால், வண்டி மலைக்குச் சென்று வந்தது; மனம் கடைவீதியை விட்டு அகலவே இல்லை.

இளையோரைத் தடுப்பதற்கு முன் பெரியோர் இச்சோதனையைத் தம் வாழ்விலும் வைத்துப் பார்த்தல் நன்று. நம் வீடுகளின் பரண்களில் அடுக்கியிருக்கும் பாத்திரங்களுக்கு அளவு வகுத்தோமா? பட்டுப்புடவைகளுக்கு எல்லை குறித்தோமா? பெரியவரும் இளையவரும் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் தம் வண்டிக்கும் மற்றவர் தம் பரணுக்கும் அளவு எழுதிக்கொள்வார்களாயின், அந்நாள் அக்குடும்பத்துக்கு நன்னாள். அளவை அறிந்து வகுத்தலும், வகுத்த அளவில் நிற்றலும் இல்லறத்தார் எவர்க்கும் கைகூடத்தக்க அறமே.

அறம் வளர்க!